எரிச்சலூட்டும் ஆங்கிலப் பிழைகளில் எவை உண்மையில் பிழைகள்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அலுவலகத்திலும் தொலைக்காட்சியிலும் காதில் விழும் ‘டிஸ்கஸ் அபவுட்’ போன்ற தவறான ஆங்கிலம் எரிச்சலூட்டுகிறது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இப்படி எரிச்சலூட்டும் இலக்கணப் பிழைகளும் உச்சரிப்புப் பிழைகளும் உண்டா, அவற்றுள் எவற்றை நாம் முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்?

உண்டு, ஏராளமாகவே உண்டு. ஆனால் ஒரு வழக்கு எத்தனை பேரைக் கோபப்படுத்துகிறது என்பதற்கும் அது எந்த அளவுக்குப் பிழை என்பதற்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை. கேட்பவர் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்கிறாரா என்பதையே நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். அதைக் கொண்டு அளந்தால், நூற்றாண்டுக் கணக்கில் வசை வாங்கிய பல வழக்குகள் பிழைப் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. யாரும் பொருட்படுத்தாத வேறு சில முன்னுக்கு வருகின்றன.

முதலில் உச்சரிப்பு. ‘கேள்’ என்று பொருள்படும் ‘ஆஸ்க்’ என்ற சொல்லை ‘ஆக்ஸ்’ என்று சொல்வதை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலரால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. அதைப் படிப்பறிவின்மையின் அடையாளம் என்று கருதி, இப்படிப் பேசினால் நேர்காணலில் வேலை கிடைக்காது என்று பிள்ளைகளை எச்சரிப்பவர்களும் உண்டு. ஆனால் இந்த இரண்டு வடிவங்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அருகருகே வாழ்ந்துவருபவை. பழைய ஆங்கிலத்தில் ‘ஆஸ்கியன்’, ‘ஆக்சியன்’ என இரண்டுமே எழுதப்பட்டன. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞரான சாசர் ‘ஆக்ஸ்’ வடிவைத் தயக்கமின்றிக் கையாண்டிருக்கிறார். 1535இல் மைல்ஸ் கவர்டேல் வெளியிட்ட, ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் முழு விவிலியத்தில், ‘கேளுங்கள், உங்களுக்குக் கொடுக்கப்படும்’ என்ற இயேசுவின் வாக்கு ‘ஆக்ஸ்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. காலப்போக்கில் தரப்படுத்தப்பட்ட எழுத்து மொழி ‘ஆஸ்க்’ என்பதை எடுத்துக்கொண்டது. மற்றது இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளிலும், அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளிலும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலும் தங்கிவிட்டது. ஒலிகள் இப்படி இடம் மாறுவது தமிழருக்கு வியப்பளிக்கக் கூடாது. ‘வைசாகம்’ என்பதை நாம் ‘வைகாசி’ ஆக்கிக்கொண்டோம், ‘தசை’யை ‘சதை’ ஆக்கிக்கொண்டோம், நம் இலக்கணமும் அதற்கு ‘நிலைமாறுதல்’ என்று பெயர் கொடுத்து ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்திலும் பறவையைக் குறிக்கும் ‘பேர்ட்’ ஒரு காலத்தில் ‘பிரிட்’ ஆக இருந்ததுதான். அந்த மாற்றத்தைக் கேட்டு இன்று எவரும் முகம் சுளிப்பதில்லை. ‘ஆக்ஸ்’ என்பதை மட்டும் கேட்டு முகம் சுளிப்பதற்குக் காரணம் அந்த ஒலியில் இல்லை, அதை யார் பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

‘நியூக்ளியர்’ என்பதை ‘நியூக்யுலர்’ என்று சொல்வதும் இத்தகையதே. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அப்படிச் சொன்னபோது அது அவருடைய அறிவுக்குறைவின் சான்றாகவே பேசப்பட்டது. ஆனால் அவருக்கு முன்பே அமெரிக்க அதிபர்களாக இருந்த ஐசனோவரும் ஜிம்மி கார்ட்டரும் ஏறத்தாழ இவ்வாறே உச்சரித்தார்கள். கார்ட்டரோ அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தில் பணியாற்றியவர், அணு உலையைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ‘பர்டிகுலர்’, ‘சர்க்குலர்’, ‘மாலிக்யுலர்’ என ‘உலர்’ ஒலியில் முடியும் சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய இருக்கின்றன. ‘க்ளியர்’ என்று முடியும் பல்லசைச் சொற்களோ மிக அரிது. நாக்கு பழகிய அச்சுக்குள் புதிய சொல்லைத் தள்ளிவிடுகிறது. இதனால் எவரும் வேறொரு பொருளைப் புரிந்துகொள்வதில்லை என்றாலும், செய்தி வாசிப்பவரும் ஆசிரியரும் ‘நியூக்ளியர்’ என்றே சொல்லிப் பழகுவது நல்லது என்பதே என் கருத்து. தேவையற்ற இடத்தில் கேட்பவரின் கவனம் சிதறக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது எழுத்தின் பெயரை ‘ஏச்’ என்று சொல்வதா, ‘ஹேச்’ என்று சொல்வதா என்பது இங்கிலாந்தில் ஓயாத சண்டை. அகராதிகள் முதலாவதையே தரமான வடிவமாகக் காட்டுகின்றன. ஆனால் வட அயர்லாந்தில் இந்த ஓரெழுத்து மிகக் கனமான பொருளைச் சுமந்திருக்கிறது. அங்கே கத்தோலிக்கர் ‘ஹேச்’ என்றும் புராட்டஸ்டன்டினர் ‘ஏச்’ என்றும் சொல்வது வழக்கமாகையால், எழுத்துகளை வரிசையாகச் சொல்லச் சொன்னாலே ஒருவர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவர் என்பது தெரிந்துவிடும். மதப் பூசலும் குண்டுவெடிப்பும் மலிந்திருந்த காலத்தில் அது விளையாட்டான செய்தி அல்ல. தமிழ்நாட்டில் நாம் தலைப்பெழுத்தை ‘எச்’ என்றும் ‘ஹெச்’ என்றும் எழுதிக்கொண்டு, இரண்டையும் இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

இலக்கணத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் விந்தையானது. மிகப் பிடிவாதமாகக் காக்கப்படும் சில விதிகள் மக்கள் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டவையே அல்ல. லத்தீனைப் பார்த்தோ, தருக்கத்தைப் பார்த்தோ, தனிமனித ரசனையாலோ 17ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் புகுத்தப்பட்டவை. வாக்கியத்தை ‘ஃப்ரம்’, ‘வித்’ போன்ற முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்பதற்கு வித்திட்டவர் கவிஞர் ஜான் டிரைடன். 1672இல் அவர் தமக்கு முந்தைய நாடகாசிரியரான பென் ஜான்சனின் ஒரு வரி ‘ஃப்ரம்’ என்று முடிவதைக் குறையாகச் சுட்டினார், பிறகு தாம் எழுதிய உரைநடையையே அந்த நோக்கில் திருத்திக்கொண்டார். லத்தீனில் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்பேதான் நிற்கும். ஆனால் ஆங்கிலம் லத்தீன் அல்ல. ‘ஹூ ஆர் யூ டாக்கிங் டு’ என்று கேட்கும் ஆங்கிலேயர், தம் மொழி தொடக்கம் முதலே அனுமதித்த ஒன்றைத்தான் செய்கிறார்.

இரட்டை எதிர்மறையின் கதையும் இதைப் போன்றதே. 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லோத் எழுதிய இலக்கணம், இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகிவிடும் என்று வகுத்தது. கணக்கில் அது சரி, பேச்சில் அப்படி நிகழ்வதில்லை. சாசர் தம் கான்டர்பரி கதைகளின் முன்னுரையில் வீரன் ஒருவனைப் பற்றி, அவன் யாரிடமும் இழிசொல் பேசியதே இல்லை என்று சொல்லும்போது ஒரே வாக்கியத்தில் நான்கு எதிர்மறைகளை அடுக்குகிறார். எவரும் அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, அவன் இழிசொல் பேசினான் என்று முடிவுகட்டுவதில்லை. இன்று ஒருவர் ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ என்று சொன்னாலும், அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது குழந்தைக்கும் விளங்கும். ஆயினும் இதைத் தேர்வில் எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்து மொழி இதை விலக்கிவிட்டது. அந்த விலக்கை மதிக்க வேண்டிய இடங்களும் உண்டு. அவ்வாறு பேசுகிறவருக்குத் தருக்கம் தெரியாது என்ற பழியைத்தான் நான் ஏற்பதில்லை.

‘டு’ என்ற சொல்லையும் வினையையும் பிரித்து நடுவே வினையடையை வைக்கக் கூடாது என்ற விதியும் புதியதே. கான்டர்பரி பேராலயத்தின் டீனாக இருந்த ஹென்றி ஆல்ஃபர்டு 1864இல், தமக்குக் கடிதம் எழுதிய ஒருவர் ‘டு சயின்டிஃபிக்கலி இல்லஸ்ட்ரேட்’ என்று எழுதுவதைச் சரியென வாதிட்டதைக் கண்டித்தார். அதன் பின் பள்ளிகள் இதைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டன. இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்லலாம். 2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமாவுக்குத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அரசியல் சட்டத்தில் உள்ள வாசகம் ‘வில் ஃபெய்த்ஃபுலி எக்சிக்யூட்’ என்பது. துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவே ‘ஃபெய்த்ஃபுலி’ நிற்கிறது. ராபர்ட்ஸ் நினைவிலிருந்து சொன்னபோது அந்தச் சொல்லை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். வாசகத்தை அறிந்திருந்த ஒபாமா தயங்கி நின்றார், வரிசை குலைந்தது, ஐயத்துக்கு இடம் வேண்டாம் என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் பிரமாணம் மீண்டும் நடந்தது. வினையைப் பிளக்கக் கூடாது என்ற பள்ளிக்கால விதி நீதிபதியின் மனத்தில் ஊறிப்போய்த் தன்னையறியாமல் வாசகத்தைத் திருத்திவிட்டது என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் எழுதினார். நீதிபதியின் மனத்தில் என்ன ஓடியது என்பதை எவராலும் உறுதிப்படுத்த முடியாது. எனக்கு அந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’, எண்ண முடியாதவற்றுக்கு ‘லெஸ்’ என்ற விதியை 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தம் ரசனையாகத்தான் சொன்னார்; தமக்கு அதுவே நயமாகப் படுகிறது என்று எழுதினார். அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்பே, ஆல்ஃபிரட் மன்னரின் காலத்து ஆங்கிலத்தில் ‘லெஸ்’ எண்ணக்கூடியவற்றோடு வந்திருக்கிறது. ஆனால் அந்த ரசனை சட்டம் போல் இறுகிவிட்டது. பத்துப் பொருள்களுக்கு உட்பட்டு வாங்குவோருக்கான வரிசையில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று எழுதியிருந்ததற்கு எழுந்த முணுமுணுப்புகளுக்குப் பின், டெஸ்கோ பல்பொருள் அங்காடி 2008இல் இரண்டு சொற்களும் வேண்டாம் என்று ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என மாற்ற முடிவு செய்தது. ‘சொல்லுக்குச் சொல் உண்மையாக’ என்று பொருள்படும் ‘லிட்டரலி’ என்பதை மிகைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவது பற்றிய புலம்பலும் இவ்வாறே. அந்தப் பயன்பாடு 18ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. நல்ல உரைநடையில் அதைத் தவிர்க்கலாம், அவ்வளவுதான்.

எழுத்தில் எரிச்சலூட்டுபவற்றுள் முதலிடம் ‘அபாஸ்ட்ரஃபி’ எனப்படும் மேற்காற்புள்ளிக்குத்தான். ‘அதனுடைய’ என்ற பொருளில் வரும் ‘இட்ஸ்’ என்ற சொல்லில் அந்தக் குறி வரக் கூடாது, ‘அது இருக்கிறது’ என்பதன் சுருக்கத்தில் வர வேண்டும். இன்றைய எழுத்தில் இது தெளிவான விதி, இதைக் கற்றே ஆக வேண்டும். ஆனால் 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் உறுப்பிலேயே, மாநிலம் தன் சோதனைச் சட்டங்களை நிறைவேற்றுவது பற்றிய இடத்தில், ‘அதனுடைய’ என்ற பொருளில் வரும் சொல்லுக்கு அந்தக் குறி போடப்பட்டிருக்கிறது. அன்றைய வழக்கு அது. இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் ஜான் ரிச்சர்ட்ஸ் இந்தக் குறியைக் காப்பதற்கென்றே 2001இல் ஒரு சங்கம் தொடங்கி, அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று சொல்லி 2019இல் அதை மூட முடிவெடுத்தார். ‘செய்திருக்கலாம்’ என்பது போன்ற பொருளில் வரும் ‘குட் ஹேவ்’ என்பதற்குப் பதில் ‘குட் ஆஃப்’ என்று எழுதுவதும் இன்று பெருகியிருக்கிறது. சுருக்கமாகப் பேசும்போது இரண்டும் ஒன்றுபோலவே ஒலிப்பதால், காதால் மட்டும் மொழியைக் கற்றவர், அதாவது தாய்மொழியாளர், இதை மிகுதியாகச் செய்கிறார். புத்தகத்தின் வழி கற்ற நம்மவர் இதை அரிதாகவே செய்வது கவனிக்கத்தக்கது.

பிழைக்கு அஞ்சுவதாலேயே பிறக்கும் பிழைகளும் உண்டு. ‘மீ அண்ட் ஜான் வென்ட்’ என்று சொன்ன பிள்ளையை ‘ஜான் அண்ட் ஐ’ என்று சொல்லச் சொல்லித் திருத்துகிறார்கள். காரணம் விளங்காத பிள்ளை, ‘ஐ’ என்பதே எங்கும் மரியாதையான வடிவம் என்று எடுத்துக்கொண்டு, பிறகு ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்றும் சொல்லப் பழகுகிறது. அங்கே வர வேண்டியது ‘மீ’. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வணிகனில் அன்டோனியோவின் கடிதத்திலேயே இந்தத் தொடர் இருப்பதால் இது பழைய வழக்கு என்று வாதிடலாம். ஆயினும் இன்றைய முறையான எழுத்தில் ‘மீ’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

பொருள் உண்மையிலேயே குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநில வழக்கு ஒன்று தெளிவான சான்று. உணவுப் பொருள்களைப் பதப்படுத்துதல், சேமித்தல் முதலிய வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் கிடையாது என்று சொல்லும் சட்டத்தில், பட்டியலின் இறுதியில் ‘அனுப்புவதற்கோ வினியோகிப்பதற்கோ பொதி கட்டுதல்’ என்ற தொடர் இருந்தது. அதில் வினியோகம் என்பது தனி வேலையா, பொதி கட்டுவதன் நோக்கங்களுள் ஒன்றா என்பதைக் காட்டும் காற்புள்ளி இல்லை. பொதி கட்டாமல் வினியோகம் மட்டும் செய்த ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சட்டவாசகம் தெளிவற்றது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, 2018இல் 50 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. எரிச்சலை இத்தகைய இடங்களுக்குச் சேமித்து வைப்பதே நியாயம்.

இனி நம்மவர் பேசும் ஆங்கிலம். கேள்வியில் குறிப்பிட்ட ‘டிஸ்கஸ் அபவுட்’ எல்லோரையும் எரிச்சலூட்டும் ஒன்று. ‘பற்றி’ என்ற சொல்லும் ‘டாக் அபவுட்’ என்ற தொடரும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. ‘அபவுட்’ அங்கே மிகை, ஆனால் பொருள் கெடுவதில்லை. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பதும் அவ்வாறே. தமிழில் ‘இருக்கிறார்கள்’ என்ற ஒரே வடிவம் நிலையான உறவையும் இந்தக் கணத்து நிகழ்வையும் சொல்லிவிடுகிறது, ஆங்கிலமோ இரண்டையும் பிரிக்கிறது. ‘டிட் யூ வென்ட்’ என்பது இவற்றைவிடக் கடுமையான பிழை. ‘டிட்’ என்பதே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்ட பிறகு வினை மறுபடியும் அதைச் சுமக்கக் கூடாது என்ற அடிப்படை அதில் உடைகிறது. இதைத் திருத்தாமல் விடக் கூடாது. ஒரு கூட்டத்தை முன்கூட்டி நடத்துவதைக் குறிக்கும் ‘பிரிபோன்’ என்பதை மட்டும் நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ‘போஸ்ட்போன்’ இருக்கும் மொழியில் அதன் எதிர்ச்சொல்லுக்கு இடம் காலியாக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இச்சொல்லுக்கு 1913ஆம் ஆண்டு அமெரிக்கச் சான்றையே காட்டுகிறது. இதை இந்தியப் பிழை என்று எள்ளுவோர் அதைப் பார்க்க வேண்டும்.

பொருளை உண்மையில் கெடுப்பவை பெரும்பாலும் யாரும் கவனிக்காதவை. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘சந்தேகம்’ என்றால் விளங்காத ஒன்றைக் கேட்பதும் ஆகும், நம்பாமையும் ஆகும். வகுப்பில் ‘ஐயா, ஒரு சந்தேகம்’ என்று எழுந்து நிற்கும் மாணவர் மரியாதையோடு விளக்கம் கேட்கிறார். இங்கிலாந்துப் பேராசிரியரிடம் அதே மாணவர் ‘டவுட்’ என்று சொன்னால், தாம் கூறியதை அவர் ஏற்கவில்லை, மறுக்கப்போகிறார் என்றே அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே வர வேண்டிய சொல் ‘கொஸ்டின்’. ‘ஒன்லி’ என்பதை நம் ‘தான்’ என்பதற்குப் பதிலாக வாக்கியத்தின் இறுதியில் வைப்பதும் இவ்வகையே. அழுத்தம் கொடுக்க நாம் சொல்வதை, மற்றவர் ‘மட்டும்’ என்ற வரையறையாகப் புரிந்துகொள்வார். ‘ஐ வில் ரிவர்ட்’ என்பதை நாம் ‘பதில் அனுப்புகிறேன்’ என்ற பொருளில் எழுதுகிறோம், அதைப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று படிப்பவர் விழிக்க நேரிடும்.

உச்சரிப்பில் நமக்கு வரும் சிக்கல்கள் ஏறக்குறைய அனைத்தும் தமிழின் ஒலிமுறையிலிருந்து வருகின்றன. அவற்றுக்குச் சோம்பலோ அறியாமையோ காரணம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வரும் வல்லினம் மெலிந்து ஒலிக்கும், வன்மையாக ஒலிக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். ஆகவே ‘பேப்பர்’, ‘குக்கர்’ என்று இரட்டித்தே எழுதுகிறோம், இரட்டித்தே பேசுகிறோம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘ஹேப்பி’, ‘சம்மர்’, ‘டின்னர்’ ஆகியவற்றில் மெய் இரட்டிப்பது முந்திய உயிர் குறுகியது என்பதைக் காட்டும் குறி மட்டுமே. அந்த மெய்யை ஒற்றையாகவே ஒலிக்க வேண்டும். ‘எம்.எல்.ஏ.’ என்பது ‘யெம்மெல்லே’ ஆவதும், ‘ஒன்லி’ என்பது ‘வொன்லி’ ஆவதும், ‘பஸ்’ என்பது ‘பஸ்ஸு’ ஆவதும் சொல்லின் முதலிலும் இறுதியிலும் நம் நாக்கு விரும்பும் ஒலிகளால் வருபவை. இவை காதுக்கு வேறுபாடாகத் தெரியுமே தவிரப் பொருளைப் பெரிதாகக் கெடுப்பதில்லை.

கெடுப்பவை இரண்டு. ஒன்று, நம்மிடம் இல்லாத உயிரொலி. பூனையைக் குறிக்கும் சொல்லையும் வாயிற்கதவைக் குறிக்கும் சொல்லையும் தமிழெழுத்தில் ‘கேட்’ என்றே எழுதிவிடுகிறோம். முதலாவதில் ஒலிக்க வேண்டியது ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடைப்பட்ட, வாயை அகலத் திறந்து சொல்லும் ஓர் ஒலி. அதைப் பழகாவிட்டால் தின்பண்டத்தைக் குறிக்கும் சொல் பாம்புகளைக் குறிக்கும் சொல்லாகக் கேட்கிறது. மற்றொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது, அசையழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல் மாறாது. ஆங்கிலத்தில் ‘ரெக்கார்ட்’ என்பதை முதலசையில் அழுத்தினால் பெயர், இரண்டாம் அசையில் அழுத்தினால் வினை. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதலசையில் இருக்கும் அழுத்தம் ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாம் அசைக்குப் போகிறது, அழுத்தம் இழந்த அசைகளின் உயிர் மங்கிவிடுகிறது. ‘டெவலப்மென்ட்’ என்பதில் அழுத்தம் ‘வெ’ என்ற அசையில் விழ வேண்டும். நாமோ முதலசையைத் தட்டுகிறோம். ஒவ்வோர் ஒலியையும் பிழையின்றி ஒலித்தும் ‘என்ன சொன்னீர்கள்’ என்று எதிராளி மறுபடி கேட்டால், பெரும்பாலும் காரணம் இதுதான். நம் பள்ளிகள் இதைக் கற்பிப்பதே இல்லை என்பது எனக்குள்ள உண்மையான வருத்தம். அகராதியில் சொல்லின் பொருளைப் பார்க்கும் மாணவர், அதே வரியில் அழுத்தம் விழும் அசைக்கு முன் இடப்பட்டிருக்கும் சிறு மேற்கோடு எதற்கு என்பதையே அறியாமல் பட்டம் பெற்றுவிடுகிறார்.

ஆகவே திருத்திக்கொள்வதென்றால் அசையழுத்தத்திலிருந்து தொடங்குங்கள், அடுத்து அந்த அகன்ற உயிரொலி, பிறகு ‘டவுட்’, ‘ஒன்லி’ போன்ற சொற்கள், ‘டிட்’ வரும் இடங்களில் வினையின் வடிவம். சக ஊழியர் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று சொன்னால், அவர் கேட்டாலொழிய அவையில் திருத்த வேண்டாம். அவர் எழுதிய கடிதம் வெளியே போகும் முன் தனியே சொன்னால் போதும். தொலைபேசியில் தொகை சொல்லும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. ‘தர்ட்டி’ என்பதில் அழுத்தம் முதலசையில், ‘தர்ட்டீன்’ என்பதில் அதைத் தனியே சொல்லும்போது இரண்டாம் அசையில். நாம் இரண்டையும் ஒரே சீராகச் சொல்வதால் பதின்மூன்றாயிரம் முப்பதாயிரமாகக் கேட்கக்கூடும். எண்ணைச் சொன்ன பின் ‘ஒன் த்ரீ’, ‘த்ரீ ஜீரோ’ என்று இலக்கங்களைத் தனித்தனியே ஒருமுறை சொல்லிவிடுவது பாதுகாப்பானது.